அடியில் தண்ணீர் நிரப்பும் பாய்மரப் படகு: கவிழாதா, ஏமாற்றா?

மதுரைக்குக் கடல் கிடையாது, வைகையிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். அதனால் நம்மூரில் படகைப் பற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் யூடியூப் பார்த்துவிட்டு வரும் பேச்சு. காருக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி இழுத்துப் போகிறார்கள், கடலில் இறக்குகிறார்கள், பாய் விரித்து ஓட்டிவிட்டு ராத்திரி உள்ளேயே படுத்துத் தூங்குகிறார்கள், இரண்டு நாள் கழித்துப் படகு மறுபடி வீட்டு வாசலில் நிற்கிறது. 23 அடி, 26 அடி என்று வரும் இந்த ரகத்தில் பல படகுகள் அடிவயிற்றில் கடல் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு ஓடுகின்றன. மெக்ரெகர் 26, ஹன்டர் 26, கேட்டலினா 250-இன் ஒரு வகை எல்லாம் இந்தச் சாதிதான்.

இதைப் பார்த்தவர்களிடம் இரண்டு தீர்ப்பு கேட்கலாம். "தண்ணிக்குள்ள தண்ணிக்கு ஏதுப்பா எடை, சும்மா ஏமாத்து" என்பது ஒன்று. "அடியில 600 கிலோ இருக்குல்ல, இனிமே கவிழவே கவிழாது, இலங்கை வரைக்கும் போகலாம்" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் டீ ஆறிப்போனாலும் வாதம் ஆறுவதில்லை. சரி, அடியிலிருந்தே பார்ப்போம்.

தெப்பம் ஏன் ஆடுவதில்லை?

தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறி வரும் தெப்பத்தைப் பார்த்திருப்பீர்கள். மேலே கோபுரம் மாதிரி உயரமான அலங்காரம், உள்ளே ஆட்கள், கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். அடியில் கனமாக எதையும் கட்டித் தொங்கவிடவில்லை, ஆனாலும் கவிழ்வதில்லை. காரணம் அகலம்.

தெப்பம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமுங்கும். அமுங்கிய இடத்தில் நீர் மேல்நோக்கித் தள்ளுவது கூடும், எதிர்ப்பக்கம் எழும்பிவிடுவதால் அங்கே தள்ளுவது குறையும். நீர் தரும் மொத்தத் தள்ளலும் ஒரே புள்ளியில் குவிந்ததாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிக்கு மிதப்பு மையம் என்று பெயர். படகு, சாமான், ஆட்கள் எல்லாவற்றின் எடையும் ஒரே புள்ளியில் குவிந்ததாக வைத்துக்கொண்டால் அது எடை மையம். சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகர்ந்து அங்கிருந்து மேலே தள்ளுகிறது, எடை மையம் நடுவில் நின்று கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் விழும் இடைவெளிதான் படகை நிமிர்த்துகிறது. மொத்த எடையை இந்த இடைவெளியால் பெருக்கினால் வருவது நிமிர்த்தும் பலம். இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கு முழுவதும் இந்த ஒரு பெருக்கலைச் சுற்றித்தான்.

அகலத்தால் கிடைக்கும் பிடிப்பை வடிவ நிலைப்பு என்பார்கள். நீளம் மாறாமல் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், சிறு சாய்வுகளில் இந்தப் பிடிப்பு எட்டு மடங்காகும். பிரமாதம்தான். ஆனால் இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தெப்பத்தை யாராவது தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால், கவிழ்ந்த நிலையிலும் அது அதே பிடிப்போடு மிதக்கும், திரும்பி வராது. அகலம் கொஞ்சச் சாய்வுக்குத் தரும் காவல், ஒரு அளவைத் தாண்டிய சாய்வில் காணாமல் போய்விடுகிறது.

எடை மையம் மேலே ஏறினால் அந்த அளவு இன்னும் சீக்கிரம் வந்துவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிருகம் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடியதுதான் காரணம் என்ற பேச்சோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள். ஆட்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் எடை மையம் பக்கவாட்டில் நகர்கிறது, அது சரி. அவர்கள் மாடியில் நிற்கிறார்கள் என்றால் அது ஏற்கெனவே உயரத்திலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மிதப்பு மையம் எவ்வளவு ஓடினாலும் எட்டிப் பிடிக்க முடியாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: அகலம் ஆரம்பச் சாய்வைத் தடுக்கும், தாழ்ந்த எடை மையம் கடைசிவரை கூட வரும். பாய்மரப் படகுக்கு இரண்டும் தேவை, ஏனென்றால் அதைச் சாய்ப்பதற்கென்றே தலைக்கு மேல் ஒரு பெரிய பாய் நிற்கிறது.

அடிப்பாரம்

எடை மையத்தைக் கீழே இழுக்கப் படகின் அடியில் வேண்டுமென்றே வைக்கும் கனத்துக்கு அடிப்பாரம் என்று பெயர், பாலஸ்ட் என்றும் சொல்வார்கள். வழக்கமான பாய்மரப் படகில் இது ஈயமோ இரும்போ ஆக இருக்கும். படகின் அடியிலிருந்து தட்டையாகக் கீழே நீளும் பாகத்துக்குக் கீல் என்று பெயர், அதன் அடியில் இந்த உலோகத்தை வைத்திருப்பார்கள். ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல் அடர்த்தி. 600 கிலோ ஈயத்துக்கு ஏறக்குறைய 53 லிட்டர் இடம் போதும். 600 கிலோ தண்ணீருக்கு 600 லிட்டர் இடம் வேண்டும், அதாவது 20 லிட்டர் கேன் முப்பது. அவ்வளவையும் ஒல்லியான கீலின் நுனியில் வைக்க முடியாது. படகின் தரைக்கு அடியிலேயே நீளமாக, அகலமாக, ஆழமில்லாத தொட்டியாகப் பரப்பித்தான் வைத்தாக வேண்டும். தண்ணீர் அடிப்பாரத்தின் எல்லாப் பலவீனமும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை உண்டா?

கிணற்றில் வாளி விட்டு நீர் இறைத்தவர்களுக்கு இதற்குப் பதில் கைக்குத் தெரியும். நிரம்பிய வாளி நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக இருக்கும். வாளியின் விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்ட ஆரம்பித்ததும் கனம் ஏறும், முழுதாக வெளியே வந்ததும் தோள் இறங்கிவிடும்.

நீர்த்தொட்டிப் படகு பலமாகச் சாயும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். படகு நேராக நிற்கும்போது தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. படகு பக்கவாட்டில் படுக்கப் படுக்க, அடிப்பக்கம் மேலே எழும்புகிறது, அதோடு தொட்டியும் நீரை விட்டு வெளியே வருகிறது. பாய்மரம் நீரைத் தொடும் அளவுக்குப் படகு படுத்துவிட்டால், அந்த 600 கிலோவில் பெரும்பங்கு ஒரு ஓரத்தில் காற்றில் தொங்கிக்கொண்டு படகைத் திரும்ப இழுக்கும். "ஏமாத்து" என்பவர்கள் தோற்கும் இடம் இது.

இங்கே வாளி உவமையை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நம்மைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும். நீரில் மூழ்கிய வாளியைப் போலத் தொட்டியும் மூழ்கியிருக்கும்வரை எந்த வேலையும் செய்யாது என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. தொட்டி காலியாக இருந்தபோது அங்கே காற்று இருந்தது, அந்தக் காற்றும் படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நீர் புகுந்ததும் அந்தத் தூக்கல் போய்விடுகிறது, படகு ஐந்தாறு சென்டிமீட்டர் தாழ்ந்து உட்கார்கிறது. மொத்த எடை கூடியது, எடை மையம் தாழ்ந்தது. ஒரு பேச்சுக்கு, காலித் தொட்டியோடு படகும் ஆட்களும் 1,200 கிலோ, ஒரு குறிப்பிட்ட சாய்வில் அந்த இடைவெளி 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிமிர்த்தும் பலம் 1,200 தடவை 0.25, அதாவது 300. நீர் நிரப்பினால் எடை 1,800 கிலோ ஆகிவிடும். படகு தாழ்ந்து உட்கார்வதால் இடைவெளி கொஞ்சம் குறையலாம், ஆனாலும் பெருக்கி வருவது 300-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும். சின்னச் சாய்விலும் லாபம் இருக்கிறது.

ஆனால் அந்த லாபம் ஈயத்தோடு போட்டி போடும் அளவுக்கு இல்லை. சிறு சாய்வில் அடிப்பாரம் தரும் உதவி, நீர்மட்டத்திலிருந்து அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தொட்டியின் நடு 25 சென்டிமீட்டர் ஆழத்தில், ஈயக் கீலின் கனம் 90 சென்டிமீட்டர் ஆழத்தில் என்றால், அதே 600 கிலோவுக்கு ஈயம் மூன்று மடங்குக்கு மேல் வேலை செய்யும். அதனால்தான் நீர்த்தொட்டிப் படகில் முதல்முறை ஏறுகிறவர்கள் மிரண்டு போகிறார்கள். ஓரத்தில் கால் வைத்தாலே ஆடும், சுமாரான காற்று பாயில் பட்டதும் பத்துப் பதினைந்து பாகை சட்டென்று சாயும். அங்கே போய், அகலமும் நீரும் சேர்ந்து பிடிக்க, கெட்டியாக நின்றுகொள்ளும். பழகியவர்கள் அந்த முதல் சாய்வைக் கண்டுகொள்வதே இல்லை.

சுருக்கமாக: உள்ளே இருக்கும் நீர் எப்போதும் கொஞ்சம் உதவுகிறது, படகு பலமாகச் சாயும்போது நிறைய உதவுகிறது. ஆரம்பத்தில் ஆடுவது ஒரு விஷயம், கடைசியில் திரும்பி வருவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை.

"தொட்டியில ஓட்டை விழுந்தா மூழ்கிடுமா?" என்பது அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி. தொட்டிக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே நீர், அடிப்பக்கத்தில் ஓட்டை விழுந்தால் மூழ்க அங்கே புதிதாக எதுவும் நுழையப் போவதில்லை. ஆட்கள் இருக்கும் அறைக்குள் நீர் வந்தால்தான் ஆபத்து. அதிலும் ஈயம் சுமக்கும் படகு நிரம்பினால் நேரே அடிக்குப் போகும், நீர்த்தொட்டிப் படகை அதன் அடிப்பாரம் கீழே இழுக்காது. இந்த ரகத்தில் சிலவற்றில் மிதக்கும் நுரையையும் உள்ளே அடைத்துக் கொடுக்கிறார்கள்.

பிறகு எதற்குத் தண்ணீர்?

சாலைக்காக. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை, இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதிப் பேச்சு மிச்சமாகும். மதுரையிலிருந்து ராமநாதபுரம் ரோட்டில் மண்டபம் வரை சுமார் 150 கிலோமீட்டர். கூடுதலாக 600 கிலோ ஈயத்தை இழுத்துப் போவதற்கும், இழுக்காமல் போய் அங்கேயே இலவசமாக நிரப்பிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் காருக்குத் தெரியும், பிரேக்குக்கு இன்னும் நன்றாகத் தெரியும். படகைச் சரிவில் இறக்கியதும் பின்பக்கத்து வால்வைத் திறந்தால் நீர் தானாக உள்ளே வரும், முன்பக்கத்துக் காற்றுத் துளை வழியாக உள்ளிருக்கும் காற்று வெளியேறும், சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். திரும்பும்போது டிரெய்லரில் ஏற்றி இழுக்க இழுக்க அதே வால்வு வழியாக வடிந்துவிடும்.

ஆழமான கீல் இல்லாததால் இன்னொரு வசதியும் உண்டு. பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க இந்தப் படகுகளில் ஏற்றி இறக்கும் நடுப்பலகை வைத்திருப்பார்கள். அதை மேலே தூக்கிவிட்டால் சிலவற்றுக்கு ஒரு அடி ஆழ நீர் போதும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம், கரையோரம் வெகுதூரத்துக்கு முழங்கால் தண்ணீர்தான். அங்கே இந்த வசதி சாதாரணமானது இல்லை.

பாதித் தொட்டி

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே நீர் நகர இடமில்லை, கெட்டிப் பொருள் மாதிரி இருக்கும். பாதி இருந்தால், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே நீரும் ஓடும். நிமிர்த்த வேண்டிய எடை, கவிழ்க்கிற பக்கம் சேர்ந்துகொள்ளும். இதற்குத் தளும்பல் விளைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொட்டியின் அகலம் கூடக் கூட இது பயங்கரமாகக் கூடும். தொட்டியை நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தாலே தளும்பலின் கேடு நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால், "கொஞ்சமாவது நிரப்பியிருக்கோமே" என்பது சமாதானம் ஆகாது. பாதி நிரப்பிய அகலத் தொட்டி சில நேரங்களில் காலித் தொட்டியைவிட மோசம்.

காலித் தொட்டியும் விளையாட்டு இல்லை. மெக்ரெகர் மாதிரிச் சிலவற்றில் 50 எச்.பி. எஞ்சின் மாட்டி, தொட்டியைக் காலி செய்துவிட்டு, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பறக்கலாம். அந்த வேகம்தான் ஆசை காட்டும். காலித் தொட்டியோடு பாய் விரிக்கக் கூடாது, மேல்தட்டில் கூட்டமாக ஆட்களை ஏற்றக் கூடாது, அலையுள்ள நீரில் போகக் கூடாது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை ஒட்டிய சாம்ப்ளெய்ன் ஏரியில், தொட்டி காலியாக இருந்த ஒரு 26 அடிப் படகு அளவுக்கு மீறிய ஆட்களோடு கவிழ்ந்தது. உள்ளறையில் இருந்த இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். புயலும் இல்லை, நடுக்கடலும் இல்லை. தேக்கடியில் நடந்த அதே கணக்குதான்.

ரேஸ் படகில் இருப்பதும் இதுதானா?

பெயர்தான் ஒன்று. பந்தயப் படகுகளில் நீர்த்தொட்டி இரண்டு பக்கமும் ஓரத்தில் இருக்கும், காற்று வரும் பக்கத்துத் தொட்டியில் மட்டும் நீர் ஏற்றி, பாய் தள்ளும் தள்ளலுக்கு எதிர் எடை கொடுப்பார்கள். 1969-இல் பிரான்ஸின் எரிக் தபார்லி தன் பென் டுயிக் 5 படகில் இப்படிச் செய்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டோக்கியோ வரையிலான தனியாள் பந்தயத்தில் ஜெயித்தார். நம் தொண்டிப் பக்கம் பாய்மரப் போட்டியில், படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் காற்றுப் பக்கம் போய் உட்கார்கிறார்களே, அந்த ஆட்களின் வேலையைத்தான் அங்கே தண்ணீர் பார்க்கிறது. நாம் பேசும் டிரெய்லர் படகின் தொட்டி நடுவில், அடியில், அசையாமல் கிடக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றிடம் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஓட்டம் எப்படி?

பாயில் ஓடும்போது இவற்றின் வேகம் நீரில் படும் நீளத்தால் கட்டுப்படும். அந்த நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். 23 அடிக்கு 6.4 நாட், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. சைக்கிள் வேகம்தான். ஈயக் கீல் படகுக்கும் இதே கணக்கு, அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தெரிவது காற்றை எதிர்த்துப் போகும்போது. சீக்கிரம் சாய்வதால் பாயைச் சீக்கிரம் சுருக்க வேண்டும், சுருக்கினால் தள்ளும் பலமும் குறையும். உள்ளே நிமிர்ந்து நிற்க வசதியாக உடலை உயரமாகக் கட்டியிருப்பதால் காற்று அதன் பக்கச் சுவரையும் பிடித்துத் தள்ளும். மொத்த எடை குறைவு என்பதால் குட்டை அலைகளில் மோதி மோதி வேகம் சாகும், பாக் விரிகுடாவில் வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் வருவது அந்தக் குட்டை அலைகள்தான். காற்றின் போக்கிலோ பக்கவாட்டிலோ ஓட்டினால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நங்கூரம் போட்டு நிறுத்தினால் மட்டும் இங்கும் அங்கும் அலையும், தூக்கம் கெடும்.

எந்தக் கடலுக்கு?

ஐரோப்பாவில் விற்கும் படகுகளுக்கு நான்கு தரம் உண்டு. ஏ என்றால் பெருங்கடல், பி என்றால் கரையை விட்டுத் தொலைவு, சி என்றால் கரையோரம், டி என்றால் அடங்கிய நீர். இந்த ரகத்தில் பல படகுகள் சி. அதன் அர்த்தம், காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 வரை, அலை இரண்டு மீட்டர் வரை. நிறைந்த தொட்டியும் மூடிய கதவுகளும் இருந்தால், நன்றாக வடிவமைத்த படகு பக்கவாட்டில் முழுதாகப் படுத்தும் எழுந்து நிற்கும். ஆனால் அதையும் தாண்டிப் புரட்டும் அலைக்கு எதிராக அதனிடம் இருக்கும் கையிருப்பு, ஆழமான ஈயக் கீல் படகைவிடக் குறைவு. உள்ளே நீர் புகுந்துவிட்டால் அந்தக் கையிருப்பும் கரைந்துவிடும்.

நம் கடலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், வாடை அடங்கிய பிறகு, தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்று தொடங்கும் முன், கரை கண்ணில் படும் தூரத்தில், வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போய்வர நல்ல படகு. நடுவில் கடல் எல்லையும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளும் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போவதைப் பற்றி வீடியோவில் யாரும் சொல்லமாட்டார்கள். இலங்கைத் திட்டத்தை டீக்கடையிலேயே விட்டுவிடலாம்.

யாராவது விற்க வந்தால்

நம்மூரில் இந்த ரகம் கண்ணில் படுவதே அரிது. பட்டால், உள் அலங்காரத்தையும் சமையல் மேடையையும் பார்த்து மயங்காமல் தொட்டியைப் பாருங்கள். வால்வு ஒழுங்காக மூடுகிறதா, காற்றுத் துளையின் மூடி இறுக்கமா, நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் மட்டம் குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது, அதாவது உங்களுக்குத் தெரியாமலே பாதித் தொட்டியோடு ஓட்டப் போகிறீர்கள். பிறகு ஆழமுள்ள துறையில், எல்லாரையும் இறக்கிவிட்டு, கதவுகளை மூடி, பாய்மர உச்சியில் கயிறு கட்டிப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்துவிட்டுக் கயிற்றைத் தளர்த்தச் சொல்லுங்கள். சோம்பலாகவேனும் எழுந்து வர வேண்டும். அப்புறம் டிரெய்லர். உப்புத் தண்ணீரில் பல தடவை இறங்கிய சக்கரத்துப் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் கிளம்பினால், பரமக்குடி வருவதற்குள் அது சத்தம் போட ஆரம்பித்துவிடும்.